மரணக் காரணம்: மாரடைப்பு

எங்கள் பகுதியில் வீட்டில் சாகிறவர்கள் இரண்டே காரணங்களால்தான் சாகிறார்கள். ஒன்று மாரடைப்பு, இன்னொன்று வயது மூப்பு. இதை ஆராய்ச்சி செய்து சொல்லவில்லை. பதினான்கு வருடமாக என் கையால் தட்டச்சு செய்திருக்கிறேன்.

என் பெயர் லோகநாயகி. அம்பத்தூர்ப் பக்கம் பிறப்பு இறப்பு பதிவு செய்யும் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஆஸ்பத்திரியில் இறந்தால் காரணத்தை ஆஸ்பத்திரியே எழுதி அனுப்பிவிடும். வீட்டில் இறந்தால் குடும்பத்தார் தெரு டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு என் கவுன்டருக்கு வருவார்கள். இதயம் நின்றுவிட்டதாக அதில் எழுதியிருக்கும். இதயம் நிற்காமல் செத்தவர் யார்? இருந்தாலும் அப்படியே அடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். சில பேர் கவுன்டர் துளைக்குள் வாயை வைத்து, "மேடம், கேன்சர்னு மட்டும் போட்டுறாதீங்க, ஊட்ல கல்யாணத்துக்குப் பொண்ணு கீது" என்பார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாங்கள் கொடுக்கும் இறப்புச் சான்றிதழில் மரணக் காரணம் அச்சாவதே கிடையாது. பெயர், தேதி, இடம், இப்படித்தான் இருக்கும். காரணம் உள்ளே பதிவில் மட்டும், அரசாங்கத்தின் கணக்குக்காக இருக்கும். எந்த மாப்பிள்ளை வீட்டுக்காரனும் அதைப் பார்க்க முடியாது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருந்தால் வரிசை நகராது என்று எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன்.

போன வருடம் மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. இப்போது சிகிச்சை முடிந்து, மூன்று விரல்கடை முடியும் முளைத்து, உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு உதவும் என்பது ஒரு காரணம். மீதியைப் படித்துக்கொண்டே வந்தால் தெரியும்.

நாங்கள் இருப்பது நெமிலிச்சேரியில். தினமும் மின்சார ரயிலில் அம்பத்தூர் போய் வருவேன். காலை நேரக் கூட்டத்தில் கைப்பை வார் இடது மார்பில் உரசி உரசி வலித்தது. குளிக்கும்போது தடவிப் பார்த்தால் கோலிக்குண்டு அளவில் ஒன்று நகராமல் இருந்தது. அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் இரண்டு மாதம் சும்மா இருந்தேன். படிக்காதவள் இல்லை, பயந்தவள், அவ்வளவுதான்.

ஒருநாள் ராத்திரி என் வீட்டுக்காரர்தான் கண்டுபிடித்தார். பெயர் ரவி. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். இரும்பில் நூலிழை பிசகினால்கூட விரலில் தெரிந்துகொள்கிற கை அது. "இது இன்னா லோகா?" என்று எழுந்து உட்கார்ந்தார். "ஒன்னுமில்ல" என்றேன். "ஒன்னுமில்லாததுக்கா நீ கைய தட்டி உட்ட?" என்று விளக்கைப் போட்டார். மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை, என்னையும் விடவில்லை.

நகரத்துக்குள் இருக்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மேமோகிராம் என்பது மார்பை இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து அழுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. சப்பாத்தி மாவு என்ன பாடு படுமோ அந்தப் பாடு. அதில் சந்தேகமாகத் தெரிந்தால் பயாப்ஸி. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, இன்னொரு தடித்த ஊசியால் கட்டியிலிருந்து அரிசி அளவு சதையை எடுப்பார்கள். எடுக்கும்போது ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி 'டக்' என்று ஒரு சத்தம் வரும். ஆபீஸில் ஒருநாளைக்கு நூறு முறை கேட்கிற சத்தம் என்பதால் எனக்கு அதில் பயம் வரவில்லை. முடிவுக்காகக் காத்திருந்த பத்து நாள்தான் பயம்.

முடிவு வந்த அன்றைக்கு எங்களோடு கவிதாவும் வந்தாள். கவிதா என் அக்கா மகள். இருபத்தாறு வயது, அம்பத்தூரில் அப்பாவோடு இருக்கிறாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை, அவள்தான் பிள்ளை. அக்கா புஷ்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. கவிதாவுக்குத் திருநின்றவூரில் ஒரு இடம் கூடி வந்திருந்தது. எங்கள் ஸ்டேஷனுக்கு அடுத்த ஸ்டேஷன்.

புற்றுநோய்ப் பிரிவில் பதிவு செய்கிற மேஜையில் முகவரி கேட்டார்கள். என் வீட்டுக்காரர் சட்டென்று, "மாங்காடு" என்றார். அது அவர் தங்கை வீடு. நான் திரும்பிப் பார்த்தேன்.

"இன்னா பாக்குற?" என்றார் வெளியே வந்ததும். "லெட்டரு கிட்டரு நம்ம ஊட்டுக்கு வந்தா தெருவே படிக்கும். திருநின்றவூர்க்காரங்க காதுக்குப் போச்சுன்னா கவிதா கல்யாணம் இன்னாவுறது?"

கவுன்டருக்கு வெளியே நின்று பார்த்தால் அது நியாயமாகத்தான் தெரிந்தது.

டாக்டர் சின்னப் பெண். கவிதாவைவிட நான்கைந்து வயதுதான் கூட இருக்கும். சுற்றி வளைக்காமல் சொன்னார். புற்றுநோய்தான், டிரிப்பிள் நெகடிவ் என்கிற வகை. விளக்கம் கேட்டேன். இந்தக் கட்டிகள் மேல் பொதுவாக மூன்று விதமான பிடிகள் இருக்குமாம். எந்தப் பிடி இருக்கிறதோ அதைப் பிடித்து இழுக்கத் தனி மருந்து உண்டு. என்னுடையதில் மூன்றும் இல்லை. அதனால் முதலில் கீமோ, பிறகு அறுவை, வேகமாகச் செய்ய வேண்டும் என்றார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்.

"உங்க அம்மா, கூடப் பொறந்தவங்க, பெரியம்மா, சித்தி, யாருக்காவது மார்பகத்துலயோ சினைப்பையிலயோ கேன்சர் இருந்துதா?"

"இல்ல மேடம்."

"கூடப் பொறந்தவங்க எத்தன பேர்?"

"ஒரு அக்கா. இறந்துட்டாங்க."

"எப்படி?"

"மாரடைப்பு" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. பதினான்கு வருடப் பழக்கத்தில் தானாக வந்தது. என் நாற்காலிக்குப் பின்னால் ஃபைலைப் பிடித்துக்கொண்டு நின்ற கவிதா ஒரு வார்த்தை பேசவில்லை. தன் அம்மாவின் மார்புப் புண்ணுக்கு ஒரு வருடம் தன் கையால் பஞ்சு வைத்துக் கட்டியவள் அவள்.

அக்காவுக்கு வந்ததும் இதேதான். ஒரு சின்ன லேபில் பயாப்ஸி எடுத்தார்கள். காகிதத்தில் புற்றுநோய் என்று இருந்தது. அக்கா வீட்டுக்காரர் தனபால் மாமா அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, கத்தி பட்டால் பரவும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, லேகியம் கொடுக்கிற ஒருவரிடம் அழைத்துப் போனார். மாமாவை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அக்காவுக்குத் தலை சீவிவிட்டது, சோறு ஊட்டியது, தூக்கிக்கொண்டு போய்க் குளிக்க வைத்தது எல்லாம் அவர்தான். அக்கா வீட்டிலேயே இறந்தாள். மூன்றாம் நாள் மாமா சீட்டோடு என் கவுன்டருக்கு வந்து நின்று, "மாரடைப்புன்னே போட்டுடு லோகா, கவிதா கீறா" என்றார். போட்டேன். என் கூடப் பிறந்தவளின் சாவை என் பத்து விரலாலேயே மாற்றி அடித்தேன்.

கீமோ ஆரம்பித்தது. முதல் நான்கு முறை சிவப்பு மருந்து. பார்த்தால் ரோஸ்மில்க், உள்ளே போனால் வேறு கதை. புற்றுநோய் செல் வேகமாகப் பெருகுகிற செல். வேகமாகப் பெருகுகிற எதைக் கண்டாலும் கொல்வது இந்த மருந்தின் வேலை. முடி, வாயின் உள்தோல், குடலின் உள்தோல் எல்லாமே வேகமாகப் பெருகுகிறவை என்பதால் அவையும் சேர்ந்து போகும். எனக்கு எல்லாச் சாப்பாடும் சாவிக்கொத்தை நக்கியதுபோல இருந்தது. என் வீட்டுக்காரர் காலையில் கஞ்சி காய்ச்சி, நார்த்தங்காய் ஊறுகாயைத் தனி டப்பியில் போட்டுக்கொண்டு வருவார். வாந்தி எடுத்தால் வாளியை முகம் சுளிக்காமல் எடுத்துப் போவார். ஒருநாள், "பட்டறைல கட்டிங் ஆயில் நாத்தத்துக்கு இது எவ்ளோ மேலு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்து, சிரித்ததில் மறுபடி வாந்தி வந்தது.

காத்திருக்கும் கூடத்தில் நாள் கணக்காக உட்கார்ந்திருக்கிறேன். அத்தனை பேரும் அதே நோய்க்கு வந்தவர்கள். அந்த நோயின் பெயரை அங்கே ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்கவில்லை. "கட்டி", "சின்னப் புண்ணு", "டாக்டர் வரச் சொன்னாங்க". பூந்தமல்லியிலிருந்து பாக்கியம் என்று ஒரு பெண் வருவாள். பூ கட்டி விற்கிறவள், வாயாடி. என் பக்கத்து நாற்காலிதான் எப்போதும். கர்ப்பப்பை வாயில் நோய், இடுப்பு எலும்பு வரை போயிருந்தது. அவளும், "வயித்துல சூடுக்கா" என்றுதான் சொன்னாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்களே, அங்கே ஒரு கூடம் நிறையப் பூசணிக்காய்.

மூன்றாவது கீமோ ஏறிக்கொண்டிருந்தபோது தோளில் துணிப்பையும் கையில் படிவக் கட்டுமாக ஒரு பெண் வந்தாள். பெயர் நிர்மலா. புற்றுநோய்ப் பதிவேட்டிலிருந்து வருவதாகச் சொல்லிப் பெயர், வயது எல்லாம் சரிபார்த்தாள். என் வீட்டுக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். கவிதா மட்டும் பக்கத்தில் இருந்தாள்.

"மாங்காட்டுல எத்தன வருஷமா இருக்கீங்க?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"வைத்தியத்துக்காக வந்து தங்கியிருந்தா சேக்க மாட்டோம். குடியிருக்குறவங்களத்தான் அந்த ஊர்க் கணக்குல சேப்போம்."

எனக்குப் படிவம் என்றால் கை அரிக்கும். என்ன கணக்கு என்று கேட்டேன். அவளும் சலிக்காமல் சொன்னாள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு வருடத்தில் புதிதாக எத்தனை பேருக்கு நோய் வந்தது, எத்தனை பேர் அதனால் இறந்தார்கள், இந்த இரண்டையும் எண்ணுகிறார்கள். பெரிய ஊரையும் சின்ன ஊரையும் ஒப்பிட முடியாதல்லவா, அதனால் லட்சம் பேருக்கு இத்தனை பேர் என்று வகுத்துக்கொள்வார்கள்.

"வந்தவங்க கணக்கு ஒன்னு, போனவங்க கணக்கு ஒன்னுக்கா. இத வச்சித்தான் எந்தப் பக்கம் எந்த கேன்சர் ஜாஸ்தி, எங்க முகாம் போடணும், எங்க மிஷினு வேணும்னு பாப்பாங்க. நீங்க வேற ஊர் பேரு குடுத்தா உங்க ஊர்ல ஒன்னு கொறையும், அந்த ஊர்ல ஒன்னு ஏறும்."

"போனவங்க கணக்கு எங்கருந்து எடுப்பீங்க?"

"இறப்புப் பதிவுலருந்துதான். அதான் பெரிய ரோதன. நாங்க பாத்த பேஷன்டு, ஒடம்பு பூரா பரவி ஊட்டுக்கு அனுப்பிச்சவங்க, அங்க போய்ப் பாத்தா மாரடைப்புன்னு இருக்கும். யாரு உக்காந்து தட்டுறாங்களோ தெரியல, எல்லாருக்கும் மாரடைப்பு."

"நான்தான் தட்டுறேன்" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. என் வேலையைச் சொன்னேன். முகத்தில் சங்கடம் ஓடியது. நான் விடவில்லை.

"ஊரு நெமிலிச்சேரி. இருவத்தாறு வருஷமா அங்கதான் கீறோம். மாங்காட்ட அடிச்சிட்டு அத எழுதுங்க. இன்னொரு பேரு சொல்றேன், உங்க நோட்டுல அது கீதான்னு பாருங்க. புஷ்பா, அம்பத்தூர். ஆறு வருஷத்துக்கு மின்ன செத்துட்டா. மார்ல கேன்சர்."

"எந்த ஆஸ்பத்திரில பாத்தீங்க?"

"எங்கயும் பாக்கல. பதிவுல மாரடைப்புன்னு கீது."

"அப்ப இருக்க மாட்டாங்கக்கா" என்றாள் மெதுவாக. "எங்க கணக்குப்படி அவங்களுக்கு நோயும் வரல, அதுல அவங்க போகவும் இல்ல."

கவிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நிர்மலா ஏதோ நினைத்துக்கொண்டு பேனாவை மூடினாள். "அவங்க உங்க சொந்த அக்காவா? டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"மொதல்ல அத சொல்லுங்க. என் படிவம் எங்கயும் ஓடிப் போவாது."

டீயோடு வந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கோபம் வந்தது அவருக்கு. "ஊரையும் சொல்லிட்டியா? இத்தினி நாளு கட்டிக் காப்பாத்துனது வீணா?" என்று கத்தினார். ஏறிக்கொண்டிருந்த மருந்தைப் பார்த்தார். கத்தியது அடங்கிப்போயிற்று. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டு, "நீ உசுரோட இரு லோகா. வேற இன்னாத்த வேணா சொல்லிக்கோ" என்றார். அவர் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டாக்டரிடம் சொன்னபோது அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குறிப்பில் 'குடும்பத்தில் இல்லை' என்று தான் எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மரபணுப் பரிசோதனைக்கு எழுதினார். வெறும் ரத்தப் பரிசோதனைதான். உடம்பில் செல் பழுதாகும்போது அதைச் சரிசெய்கிற மரபணு ஒன்று உண்டு. சில குடும்பங்களில் அது பிறக்கும்போதே குறையோடு இருக்கும். அப்படி இருந்தால் இன்னொரு மார்பிலும் சினைப்பையிலும் நோய் வர வாய்ப்பு மிக அதிகம். அறுவைத் திட்டமே மாறும். தாயிடமோ தகப்பனிடமோ அந்தக் குறை இருந்தால் பிள்ளைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

சில வாரம் கழித்து முடிவு வந்தது. எனக்கு அந்தக் குறை இருந்தது. அக்காவுக்கும் இருந்திருக்கும் என்றார் டாக்டர். பிறகு கவிதாவைப் பார்த்து, "நீங்களும் டெஸ்ட் பண்ணிக்கணும்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம் நோய்மேல் இல்லை. பரம்பரையில் வரும் என்று ஊர் சொல்லும், அதற்குப் பயந்துதான் மறைத்தோம். பரம்பரையில் வரும் என்பதால்தானே சொல்லியிருக்க வேண்டும்? அக்கா நோயை அன்றைக்கே உள்ளபடி சொல்லிக்கொண்டு ஒரு டாக்டரிடம் போயிருந்தால், என்னை ஆறு வருடத்துக்கு முன்பே பரிசோதித்திருப்பார்கள். அந்தக் கோலிக்குண்டு கடுகாக இருந்தபோதே கிடைத்திருக்கும். கவிதா கல்யாணத்துக்காகச் சொன்ன பொய் கவிதாவையே குறி வைத்து நின்றது.

தனபால் மாமா விஷயம் கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். வாசலில் வேப்பமரத்தடியில் நின்று பேசினோம். நான் மொட்டைத் தலையோடு, அவர் தரையைப் பார்த்துக்கொண்டு.

"டெஸ்டும் வேணாம், ஒன்னும் வேணாம். நிச்சயத்துக்கு ஒரு மாசம் கீது. பொண்ணு வாழ்க்கைய கெடுத்துறாத லோகா."

"உசுரோட இருந்தாத்தான மாமா வாழ்க்க."

"அதுக்கு ஒன்னும் ஆவாது. நல்லாத்தான கீறா."

"அக்காவும் நல்லாத்தான் இருந்தா. நானும் நல்லாத்தான் ரயில் ஏறிப் போய்கினு வந்துகினு இருந்தேன்."

"ஊரு இன்னா சொல்லும்?"

"ஊர் வாய மூட உலைமூடி கெடையாது மாமா. அது இன்னா வேணா சொல்லட்டும். அதுக்கு பயந்து ஒருத்திய பொதச்சாச்சு."

சொன்ன பிறகுதான் எவ்வளவு கொடுமையான வார்த்தை என்று தெரிந்தது. மாமா பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். திரும்பினால் பின்னால் கவிதா நின்றாள். "நான் மேல போய் ரத்தம் குடுத்துட்டேன் சித்தி" என்றாள். "நீங்க ரெண்டு பேரும் சண்ட போடட்டும்னுதான் காத்துகினு இருந்தேன்."

அவளுக்கும் இருந்தது. அதைச் சொன்ன அன்றைக்கு அவள் என் மடியில் படுத்து ஒரு மணி நேரம் அழுதாள், நானும் அழுதேன். மறுவாரம் ஸ்கேன் எடுத்தார்கள். எங்கும் கட்டி இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துக்கொள்ள வேண்டும், வந்தாலும் கடுகாக இருக்கும்போதே பிடித்துவிடலாம் என்றார் டாக்டர். அந்த அறையில் நான் கும்பிட்டது சாமியை இல்லை, அந்த ஸ்கேன் மிஷினை.

கவிதா தானே அந்தப் பையனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றானாம். நான்காம் நாள் தரகர் வந்து, மறுபடி பார்த்ததில் ஜாதகம் பொருந்தவில்லை என்றார்.

கவிதா விழுந்து விழுந்து சிரித்தாள். "பாத்தியா சித்தி, அவங்களும் காரணத்த மாத்திப் போட்டுட்டாங்க!"

கீமோ முடிவதற்குள் பாக்கியத்தின் நாற்காலி காலியாகிவிட்டது. நர்ஸிடம் கேட்டேன். வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள், அப்புறம் தகவல் இல்லை என்றாள். அவள் வீட்டுக்காரர் எந்தக் கவுன்டரில் நின்று என்ன சொன்னாரோ. போனவங்க கணக்கு என்று நிர்மலா சொன்னபோது எனக்கு அது எண்ணாகத்தான் கேட்டது. இப்போது கேட்டால் பாக்கியம் நாற்காலியில் விட்டுப்போகும் மல்லிகை வாசனை வருகிறது.

இரண்டு மார்பையும் எடுத்தார்கள். சினைப்பைகளையும் எடுத்தார்கள். காப்பீட்டு அட்டை பெரும்பகுதியைப் பார்த்துக்கொண்டது, மீதிக்கு என் வளையல் போனது, போகட்டும். தையல் பிரித்ததும் கையைத் தூக்கும் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். அக்குளில் நெறிக்கட்டுகளையும் எடுத்ததால் தோள் இறுகிக்கொள்ளும், கயிறும் கப்பியும் மாட்டி மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் கடையில் வாங்கவில்லை. பட்டறையில் பித்தளைத் துண்டைக் கடைந்து, கையில் உறுத்தாத மாதிரி மெருகேற்றி, இரண்டு கைப்பிடி செய்துகொண்டு வந்தார். ஜன்னல் கம்பியில் மாட்டினார். "முப்பது வருஷ சர்வீஸ்ல இவ்ளோ பாலிஷ் எந்தக் கம்பெனிக்கும் போட்டதில்ல" என்றார். முதல் நாள் தோள் அளவுக்கு வந்தது. இரண்டு மாதத்தில் உச்சி வரை தூக்கினேன்.

குணமாகிவிட்டது என்று டாக்டர் சொல்லவில்லை. இப்போது இல்லை என்றார். பரவாயில்லை, நானும் இப்போதுதான் இருக்கிறேன்.

வேலைக்குத் திரும்பினேன். தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு போனேன், இரண்டாம் நாளே வியர்வை தாங்காமல் அவிழ்த்துப் பையில் போட்டுவிட்டேன். பக்கத்து மேஜை மேரி, ஆவடிக்காரி, "இதான் அழகா கீது" என்று தலையைத் தடவினாள். ஆமாம் மொட்டை, ஆமாம் கேன்சர் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். ரயிலில் ஒருத்தி சொன்னதும் எழுந்து தள்ளிப் போய் நின்றாள். உட்கார இடம் தாராளமாகக் கிடைத்தது.

ஒரு புதன்கிழமை வரிசையில் தனபால் மாமா நின்றார். சொந்தக்காரர் என்று உள்ளே வராமல், பதினைந்து பேருக்குப் பின்னால் நின்று வந்தார். கையில் பிளாஸ்டிக் கவர். உள்ளே மடிப்பு பழுத்துப்போன அந்த லேப் காகிதம்.

"இத சாமி படத்துக்குப் பின்னால வச்சிருந்தேன்" என்றார். "பதிவ மாத்தணும்னு கவிதா சொல்லிச்சி. இன்னா எழுதணுமோ எழுதிக்க. கையெழுத்துப் போடறேன்."

திருத்தத்துக்கு வழி உண்டு. ஆதாரம் வேண்டும், இரண்டு சாட்சி வேண்டும். பழைய பதிவை அழிக்க மாட்டார்கள். அது அப்படியே இருக்கும், பக்கத்தில் திருத்தம் ஏறும். என் ரத்த சொந்தம் என்பதால் திருத்தத்தை நான் தொடக்கூடாது, மேரிதான் செய்தாள். சில வாரம் அலைந்த பிறகு மேலதிகாரியின் ஒப்புதல் வந்தது. மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினோம். மேரி திரையை எங்கள் பக்கம் திருப்பி, "சரியான்னு பாருங்க" என்றாள். புஷ்பா. நாற்பத்தொன்பது வயது. மார்பகப் புற்றுநோய்.

மாமா எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு கேட்டார்: "இது சர்டிபிகேட்ல வருமா லோகா?"

"வராது மாமா. அதுல காரணமே போட மாட்டாங்க."

"எப்பத்துலருந்து?"

"எப்பவுமே."

அவர் திரையை மறுபடி பார்த்தார். "அப்ப அன்னிக்கும் வந்திருக்காதா? நான் சொல்லலன்னாலும்?"

"வந்திருக்காது."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பின்ன ஏன் லோகா எங்கிட்ட சொல்லல?"

இந்தக் கேள்விக்கு டாக்டரிடமும் நிர்மலாவிடமும் தப்பித்துவிட்டேன். மாமாவிடம் தப்பிக்க முடியவில்லை. "எனக்கும் மறைக்கணும்னு இருந்துது மாமா. எங்க வீட்ல அது இல்லன்னு நானே நம்பணும்னு இருந்துது. நீ கேட்டது எனக்கு சௌகரியமா போச்சு" என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திரையில் அக்கா பெயர் இருந்த இடத்தைக் கண்ணாடிமேல் விரலால் தொட்டுவிட்டு, பின்னால் நிற்கிறவர்களுக்கு வழிவிட்டுப் போனார்.

வரிசையில் அடுத்து ஒரு ஆள். மனைவி இறந்து நான்கு நாள். தெரு டாக்டரின் சீட்டை நீட்டிவிட்டு, துளைக்குள் வாயை வைத்தார். "மேடம், வந்து..." என்று ஆரம்பித்தவர் என் தலையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அண்ணே, நல்லா கேட்டுக்கோங்க" என்றேன். "சர்டிபிகேட்ல காரணம் வராது. யாரும் பாக்க மாட்டாங்க. கணக்குக்கு மட்டும்தான். உங்களுக்குப் பொண்ணு கீதா?"

"கீது மேடம். ரெண்டு."

"அப்ப நெசத்த சொல்லுங்க. அதுங்களுக்காகத்தான் கேக்குறேன்."

இப்போது ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்கிறேன். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள், சிலர் அங்கேயே அழுகிறார்கள், சிலர் வீட்டுக்குப் போய்ப் பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து வருகிறார்கள். வரிசை நகரவில்லை என்று பின்னால் சத்தம் போடுகிறார்கள். போடட்டும்.